சின்ன டிராக்டருக்கு ஹைட்ராலிக் சாமான்: எதை மாட்டலாம், எதை விட்டுவிடலாம்

பொள்ளாச்சியில் ஹைட்ராலிக் ஹோஸுக்கு, அதாவது அழுத்தத்தோடு ஆயில் போகிற குழாய்க்கு, பிரஸ் அடித்து, சிலிண்டருக்கு சீல் மாற்றித் தரும் கடை என்னுடையது. ஜேசிபி, டிப்பர் லாரி, நார் மில்லில் பேல் அடிக்கும் மெஷின் எல்லாம் வரும். நாலைந்து வருடமாகச் சின்ன டிராக்டர்களும் நிறைய வருகின்றன. எனக்கே ஆனைமலைப் பக்கம் 3 ஏக்கர் தோப்பும் 24 எச்.பி. ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் உண்டு.

போன சித்திரையில் சொந்தத்தில் மாப்பிள்ளை முறை ஆகிற ஒருவர் தென்னை மட்டை அரைக்கும் மெஷினோடு வந்தார். ஹைட்ராலிக் மோட்டாரில் ஓடுவது, ஏதோ பட்டறையில் சொல்லிச் செய்தது. "ஏனுங் மாமா, ரெண்டு மட்டை போகுது, மூணாவது மட்டைக்கு நின்னுக்குதுங்க. ஹோஸ்ல அடைப்பான்னு பாருங்க" என்றார். ஹோஸில் ஒரு குறையும் இல்லை. சீல் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். எந்தச் சாமான் வாங்குவதற்கு முன்னாலும் போட வேண்டிய கணக்கு அது.

வண்டியோடு வந்த புத்தகத்தில் ஹைட்ராலிக் பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளும், எத்தனை பார் அழுத்தம் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கி 450-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எச்.பி. கிடைக்கும். 20 லிட்டர், 150 பார் என்றால் 3000. 450-ஆல் வகுத்தால் ஆறே முக்கால்கூட வராது. மோட்டாரில் வீணாவது போக ஐந்து மிஞ்சினால் புண்ணியம். எஞ்சின் 24 எச்.பி. என்றாலும் ஹைட்ராலிக் வழியாக வெளியே வருவது இவ்வளவுதான். அதுவும் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால். ஆக்ஸிலரேட்டரைப் பாதி குறைத்தால் ஆயிலும் பாதியாகிவிடும்.

அதே வண்டியின் பி.டி.ஓ. தண்டில், அதாவது எஞ்சின் சுற்றலைப் பின்பக்கம் வெளியே தரும் தண்டில், எஞ்சின் சக்தியில் பெரும்பகுதி வந்துவிடும். அதனால் சுற்றுகிற வேலை எல்லாம், ரொட்டவேட்டர், மட்டை அரைப்பது, மருந்தடிக்கும் பம்பு, பி.டி.ஓ.வுக்குப் போகட்டும். தூக்குவதும் தள்ளுவதும் சிலிண்டர் வேலை. அந்த இடத்தில் ஹைட்ராலிக்கை அடிக்க ஆளில்லை. 63 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள சிலிண்டர், கைக்குள் அடங்குகிற சாமான், 150 பாரில் நாலரை டன்னுக்கு மேல் தள்ளும். மாப்பிள்ளை மோட்டாரைக் கழற்றிவிட்டு பி.டி.ஓ. கியர்பாக்ஸ் வைத்துக்கொண்டார். செலவு இரண்டு முறை ஆனதுதான் வருத்தம்.

இனி ஒவ்வொரு சாமானாக.

டிப்பர் பெட்டிதான் சின்ன வண்டிக்கு முதலில் வாங்க வேண்டியது. எரு, தேங்காய், மண் எது ஏற்றினாலும் இறக்க ஆள் தேட வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரே ஹோஸ். பெட்டி தன் எடையிலேயே கீழே இறங்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க மறந்துவிடுகிறார்கள். பல சின்ன வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் ஒன்றேதான். 90 மில்லிமீட்டர் உள்விட்டமும் 70 சென்டிமீட்டர் ஓட்டமும் (தண்டு நீளும் தூரம்) உள்ள சிலிண்டர் முழுக்க நீண்டால் நாலரை லிட்டர் ஆயில் வெளியே போய்விடும். வண்டி சரிவில் நின்றிருந்தால் பம்பு காற்றை இழுக்கும், உறுமுகிற சத்தம் வரும், ஆயில் நுரைக்கும். வெளிச் சாமானுக்கு எத்தனை லிட்டர் வரை எடுக்கலாம் என்று புத்தகத்தில் பார்த்துவிட்டுப் பெட்டி வாங்குங்கள். ஆயில் அளவு பார்ப்பது பெட்டி கீழே இறங்கியிருக்கும்போது மட்டும். தூக்கி வைத்துவிட்டு "குறையுதே" என்று ஊற்றினால், இறக்கும்போது அத்தனையும் பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாக வெளியே கொட்டும்.

பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு: அதன் சிலிண்டருக்குள் ஏற்கெனவே என்ன ஆயில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது நேரே உங்கள் கியர்பாக்ஸுக்குள் வரும். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிக்கு அதற்கென்று இருக்கிற ஆயில்தான் போக வேண்டும். வேறு ஆயில் கலந்தால் பிரேக் பிடிக்கும்போது கடகடக்கும். சிலிண்டரை வடித்துக் கழுவிவிட்டு மாட்டுங்கள்.

அடுத்தது குழி போடும் மெஷின். சுற்றுவது பி.டி.ஓ., ஏற்றி இறக்குவது பின்பக்க லிஃப்ட். வாங்கியவர்கள் முதல் நாளே போன் செய்து, "மண்ணுல இறங்கவே மாட்டேங்குது" என்பார்கள். லிஃப்ட் தூக்கும், அழுத்தாது. கீழே போவது சாமானின் சொந்த எடையில்தான். காய்ந்த செம்மண்ணில் முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, தூக்கி, மண்ணை உதறி, மறுபடி இறக்க வேண்டும். ஒரே மூச்சில் விட்டால் திருகாணி மாதிரி தானே இறங்கி மாட்டிக்கொள்ளும். வேலிக்கால், வாழை, மரக்கன்று இதற்கெல்லாம் சரி. தென்னங்கன்றுக்கு மூன்றடிக்கு மூன்றடி குழி என்றால் ஜேசிபியை மணிக்கணக்கில் வாடகைக்குக் கூப்பிடுவதே லாபம். உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களுக்கும் பதிவு செய்யலாம்.

முன்பக்கம் மாட்டும் லோடர் பக்கெட்தான் எல்லோருக்கும் ஆசை. எருக்குழியில் அள்ளி பெட்டியில் போடுவதைப் பார்த்தால் எனக்கும்தான் ஆசை. ஆனால் பல சின்ன வண்டிகளின் எடை ஒரு டன்னுக்குள். அதன் மூக்கில் 250 கிலோ எருவைத் தொங்கவிட்டால் முன் அச்சும் ஸ்டீயரிங்கும்தான் சுமக்க வேண்டும். பின் டயர் மண்ணைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பின்னால் ரொட்டவேட்டரோ கல் எடையோ மாட்டாமல் லோடரைத் தொடவே கூடாது. பக்கெட் நிறைந்திருந்தால் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டாதீர்கள், சரிவில் குறுக்கே போகாதீர்கள். தினமும் எரு அள்ளுகிற மாட்டுப்பண்ணை வைத்திருந்தால் வாங்குங்கள். வருடத்தில் பத்து நாள் வேலைக்கு வேண்டாம். இரண்டு பக்கமும் மண் புரட்டும் ரிவர்சிபிள் கலப்பைக்குத் தென்னந்தோப்பில் வேலையே இல்லை. வேரை அறுக்கத்தான் ஆகும்.

லிஃப்ட் 750 கிலோ தூக்கும் என்று ஷோரூமில் சொன்னால், எந்த இடத்தில் அளந்தது என்று திருப்பிக் கேளுங்கள். சாமானைத் தூக்கும் இரண்டு கீழ்க்கைகளின் பந்து முனையில் அளந்ததாக இருக்கும். 400 லிட்டர் மருந்து டேங்கை மாட்டும்போது அதன் பாரம் அந்த முனையிலிருந்து இரண்டடி தள்ளி இருக்கிறது. அங்கே அந்த 750 செல்லாது. பற்றாததற்குத் தண்ணீர் அலம்பும். மேட்டில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். முன்பக்க எடை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது டேங்கைப் பாதி நிரப்புங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேர்வாடல் வந்து வெட்டிய மரங்களை இங்கே எல்லோரும் டிராக்டரில் இழுக்கிறோம். சங்கிலியை டாப் லிங்க், அதாவது சாமானை மேலே பிடிக்கும் கம்பி, மாட்டும் இடத்தில் கட்டி இழுப்பவர்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. அவ்வளவு உயரத்தில் இழுத்தால், மரம் எங்காவது இடறும்போது முன்பக்கம் மேலே எழும்பி வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும். இரண்டு கீழ்க்கையும் டாப் லிங்க்கும் சேர்ந்த மூன்று முனை இணைப்பை ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடித்து, 1939-இல் ஃபோர்டு டிராக்டரில் அது வந்ததற்கு ஒரு காரணமே, கலப்பை கல்லில் மாட்டும்போது வண்டி பின்னால் கவிழாமல் இருக்க வேண்டும் என்பதுதான். கலப்பை மாட்டினால்தான் அந்தக் காப்பு, சங்கிலிக்கு இல்லை. கீழே டிரெய்லர் மாட்டும் டிராபாரில் மட்டும் கட்டுங்கள்.

மாட்டிய பிறகு என்ன செய்வது? ஹோஸை வண்டியோடு இணைக்கும் கப்ளரைத் துடைக்காமல் சொருகாதீர்கள். பம்புக்குள் இருக்கும் இடைவெளி முடியைவிட மெல்லியது. ஒரு சிட்டிகை மணல் உள்ளே போனால் பம்பே போகும். மூடி தொலைந்திருந்தால் வாங்கிப் போடுங்கள், டீ குடிக்கிற காசுதான் ஆகும். லீவரைக் கடைசி வரை தள்ளிப் பிடித்துக்கொண்டே இருந்தால் அழுத்தம் மிஞ்சும்போது ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு விசிலடிக்கும், ஆயில் சூடேறும். அந்தச் சத்தம் கேட்டால் விட்டுவிடுங்கள். இன்னும் கொஞ்சம் தூக்கட்டும் என்று அந்த வால்வுக்கு வாஷர் போட்டு இறுக்கச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சாமானைக் கழற்றும்போது தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டுக் கழற்றுங்கள். இல்லையென்றால் அழுத்தம் உள்ளேயே நிற்கும். வெயிலில் கிடந்து ஆயில் சூடானால் இன்னும் ஏறும். மறுநாள் கப்ளர் சொருகாது, சுத்தியலை எடுப்பீர்கள், அப்புறம் என் கடைக்கு வருவீர்கள்.

தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் கிரீஸ் அடிக்கப் போகாதீர்கள். ஹோஸ் ஒன்று வெடித்தால் நொடியில் இறங்கிவிடும்.

மாப்பிள்ளைக்குக் கணக்குப் போட்ட அந்த அட்டையை எறியவில்லை, கடையில்தான் இருக்கிறது. ஹோஸில் ஊசித்துளை மாதிரி கசிவு இருந்தால் விரலால் தடவாமல் அட்டையை நீட்டிப் பாருங்கள். 150 பாரில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தினது மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது. கை கழுவிவிட்டு வேலையைத் தொடராதீர்கள். அப்போதே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், ஆயில் உள்ளே ஏறிவிட்டது என்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

ஹோஸ் மாற்ற வரும்போது பழைய ஹோஸை இரண்டு முனையோடும் முழுசாகக் கொண்டு வாருங்கள். நூலில் அளந்து வந்தால் எனக்குப் பயன்படாது: முனையின் மரை என்ன, வளைவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் பிரஸ் அடிக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கடை உண்டு.