கையடக்க விளையாட்டுக் கருவிக்குக் கூடுதல் சேமிப்பிடம் தேர்ந்தெடுக்கும் முறை

காவிரிப் படுகையின் சிற்றூர்களில் ஸ்டீம் டெக் போன்ற கருவி வைத்திருப்பவருக்கு இடம் போதாமை சிறிய குறை அன்று. நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தையே நம்பியிருக்கும் திருத்துறைப்பூண்டி வீடு ஒன்றில், இடத்துக்காக அழித்துவிட்ட 100 ஜிபி விளையாட்டைத் திரும்ப இறக்க 50 நாள் ஆகும்; அதற்குள் குறுவைக்கு நாற்று விட்டு, பறித்து நட்டு, முதல் களையும் எடுத்துவிடலாம். ஆகவே, எதையும் அழிக்கத் தேவைப்படாத அளவுக்கு இடம் வாங்குவதே இங்கே சிக்கனம்.

விலையைக் கேட்பதற்கு முன் உங்கள் கருவியில் எந்த நீள எஸ்எஸ்டி (கருவிக்குள் பொருத்தும் சேமிப்பகத் தகடு) பொருந்தும் என்று பாருங்கள். ஸ்டீம் டெக்கும், 2023இல் வந்த அசூஸ் நிறுவனத்தின் முதல் ஆர்ஓஜி அல்லை (ROG Ally) கருவியும் ஏற்பது எம்.2 2230 வகை, அதாவது 22 மி.மீ. அகலமும் 30 மி.மீ. நீளமும் கொண்டது. அடுத்து வந்த அல்லை எக்ஸ் கருவி, 80 மி.மீ. நீளமுள்ள 2280 வகையை ஏற்கும். மடிக்கணினிக்கென்று கடைகளில் பரவலாகக் கிடைப்பது 2280 என்பதால், எண்ணைச் சொல்லிக் கேட்காவிட்டால் பொருந்தாததையே வாங்கிவர நேரும். என்விஎம்இ (NVMe என்று உறையில் குறித்திருக்கும் வேகமான எஸ்எஸ்டி) வகையாகவும், சில்லுகள் ஒரு பக்கத்தில் மட்டும் உள்ளதாகவும் இருக்க வேண்டும். எஸ்எஸ்டிக்கான டெக்கின் இணைப்பு பிசிஐஇ (PCIe) தரத்தின் 3.0 பதிப்பு ஆகையால், அதைவிட வேகமான 4.0 வகையின் முழு வேகத்துக்காக அதிகம் கொடுப்பது வீண்.

கருவியைத் திறக்கத் தயங்குபவருக்கு மைக்ரோ எஸ்டி அட்டை உண்டு. டெக்கில் அது நொடிக்கு ஏறத்தாழ 100 எம்பி வேகத்தில்தான் படிக்கும் என்பதால், சிறிய விளையாட்டுகளுக்குத் தாராளமாகப் போதும். பரந்த உலகில் விருப்பம்போல் சுற்றித் திரியும் பெரிய ‘ஓப்பன் வேர்ல்டு’ விளையாட்டுகளை எஸ்எஸ்டியிலேயே வைப்பது நல்லது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர்கள் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் அட்டையையே வாங்க வேண்டும். பழைய அட்டை அதற்கு உதவாது.

அட்டையில் போலிகள் மிகுதி. கடைத்தெருவில் நான் மலிவாக வாங்கிய 512 ஜிபி அட்டை, சோதனையில் 32 ஜிபியைத் தாண்டியதும் பிழை காட்டியது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் அட்டை முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்த பிறகே விளையாட்டுகளை ஏற்றுங்கள். பல மணி நேரம் ஆனாலும் இதைத் தவிர்க்கக் கூடாது. 1 டிபி சேமிப்பகத்தை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது மட்டும் ஏமாற்று அன்று, கணக்கிடும் முறையின் வேறுபாடு.

எஸ்எஸ்டியை மாற்றும்போது, டெக்கின் பின்மூடியைக் கழற்றுவதற்கு முன் மைக்ரோ எஸ்டி அட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். மறந்தால் அட்டை இரண்டாக முறிந்துவிடும். மின்தடை எப்போது வருமென்று தெரியாத ஊர்களில், புதிய எஸ்எஸ்டியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதற்கு முன் மின்கலத்தை நன்றாக ஏற்றிக்கொள்வது அவசியம்.

வீட்டுக் கணினியில் அதே விளையாட்டு ஏற்கெனவே இருந்தால், விளையாட்டுகளை வாங்கி இறக்கும் ஸ்டீம் செயலி 2023 முதல் தரும் உள்வலைப் பரிமாற்ற வசதியை இயக்குங்கள். கோப்புகள் வீட்டு வைஃபை வழியாகவே புதிய எஸ்எஸ்டிக்கு வந்துவிடும். அன்றைய 2 ஜிபியில் பெரும்பகுதி மிஞ்சும்.