கார்த்திகையைப் படமெடுப்போர் சறுக்கும் இடங்கள்

கார்த்திகை (பிளேயடிஸ்) விண்மீன் கொத்தைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் பெரிய டெலஸ்கோப்பைத் தேடுகிறார்கள். அங்கேயே சறுக்கல். கொத்தின் அகலம் ஏறக்குறைய 2 டிகிரி, அதாவது நான்கு முழுநிலாக்களை ஒட்டி வைத்த நீளம். 1200 மி.மீ. குவியத்தூரத்தில் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவை மாட்டினால் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் அடங்கும். கொத்தின் பிரகாசமான அறுமீனும் விளிம்போடு விளிம்பாக நெரிபடும். படத்தில் கொத்தைச் சுற்றி இருண்ட வானம் கொஞ்சம் இல்லாவிட்டால் கொத்து கொத்தாகவே தெரியாது. 400, 500 மி.மீ. போதும். நீளமான டெலஸ்கோப்தான் கையில் இருக்கிறதா? கார்த்திகையை விட்டுவிட்டு எம்11 என்ற சிறிய விண்மீன் கொத்தின் பக்கம் திருப்புங்கள்.

அடுத்தது, நெபுலா (விண்வெளித் தூசு, வாயு மேகம்) எடுத்த பழக்கத்தில் ஐந்து நிமிடம் ஷட்டரைத் திறந்து வைப்பது. இங்கே மீன்கள்தான், அதாவது நட்சத்திரங்கள்தான் விஷயம். அவற்றின் ஒளி சென்சாரில் நிரம்பி வழிந்தால் நிறம் செத்து வெறும் வெள்ளைப் பொட்டுகள் மிஞ்சும். விருச்சிகத்தின் எம்6 கொத்தில் நீல மீன்களுக்கு நடுவே ஆரஞ்சாக ஒன்று மின்னும். அதையும் இப்படித்தான் தொலைப்போம். அரை நிமிடப் படங்களை நிறைய எடுத்து ஸ்டாக் செய்யுங்கள், அதாவது மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேருங்கள்.

மவுண்ட்டை (டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தோடு சுழற்றும் தாங்கியை) வானின் துருவத்துக்கு நேராக்குவது நம் ஊரில் தனித் தொல்லை. மதுரையில் துருவ நட்சத்திரம் சுமார் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. எங்கள் மாடியில் தென்னையும் தண்ணீர்த் தொட்டியும் அதை மறைத்துவிடும். குத்துமதிப்பாக வைத்தால் மீன்கள் கோடாகும். ஓரியன் இடைவாரின் மின்டகா மீன் உச்சிக்கோட்டை (வடக்கு தெற்காகத் தலைக்கு மேல் போகும் கோட்டை) கடக்கும்போது குறுக்குக்கம்பிக் கண்ணருகு வில்லையில் பிடித்து, அது வடக்கு தெற்காக நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் மவுண்ட்டை இடமோ வலமோ திருப்ப வேண்டும். பிறகு கிழக்கே தாழ்ந்த மீன் ஒன்றைப் பார்த்து உயரத்தைச் சரிசெய்யலாம். அரைமணி நேரம் போகும், போகட்டும்.

ஃபோகஸுக்குப் பஹ்தினோவ் மாஸ்க் (டெலஸ்கோப் முகப்பில் மாட்டும் கீற்றுகள் வெட்டிய மூடி) போடுங்கள். குழாய் குளிரக் குளிர மறுபடி பாருங்கள். மாடியில் நடமாட்டமும் ஆகாது. அம்மா துணி எடுக்க வந்த அந்த ஒரு நிமிடத்தில் என் படத்தில் ஒவ்வொரு மீனும் குட்டிப் புழுவாக நெளிந்திருந்தது.

மார்கழிப் பனி வேறு ஏமாற்றும். லென்ஸில் ஈரம் படிந்தால் மீன்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் வரும். "நெபுலா கிடைத்துவிட்டது" என்று குதிப்போம். எல்லா மீனுக்கும் ஒரே உருண்டை வட்டமா? அது பனி. நிஜமான தூசு, கொத்தில் உள்ள மெரோப்பே என்ற மீனுக்குத் தெற்கே கீற்றுக் கீற்றாக ஒருபக்கமாகப் பரவியிருக்கும்.