மொழிபெயர்க்கிறவங்களே, சொல்லு எந்த வழியா வந்துச்சுனு பாருங்க

நம்ம இலங்கை மலையகத்துத் தேயிலத் தோட்டப் பேச்ச வேற மொழிக்குக் கொண்டுபோறவங்களுக்கு ஒரு டிப்ஸ். அகராதியப் பொரட்ட முன்னாடி சொல்லு எங்கருந்து வந்துச்சுனு தேடுங்க, அது வந்ததுக்கப்பறம் தோட்டத்துல என்னவா மாறுச்சுனும் கேளுங்க. 'பிள்ளைக்காம்பரா'வ எடுங்க, காம்பரா போர்த்துக்கீசு சொல்லு, அறைனு அர்த்தம், சிங்களத்துல காமரயனு சொல்றதும் அதேதான், ஆனா அதவச்சு 'குழந்தைகள் அறை'னு போட்டா எல்லாம் போச்சு, கொழுந்தெடுக்கப் போற தாய்மாரு கைப்புள்ளய ஆயாகிட்ட விட்டுட்டுப் போற எடம்ங்க அது.

'பெரட்டு'ம் அப்படித்தான். இங்கிலிஷ் பரேட்ல இருந்து வந்தது, ஆனா அணிவகுப்பு இல்ல, விடியக்காலைல பேர் குடுத்து வேலை பிரிக்கிறது. தோட்டத்து வரிச வீட்டச் சொல்ற லயம் இங்கிலிஷ் லைன்ல இருந்து, ஆபீஸச் சொல்ற கந்தோர் டச்சுல இருந்து.

அதனால மலையில, அதாவது தேயிலக் காட்டுல, வேல செஞ்ச ஒரு அம்மாயிகிட்ட கட்டாயம் கேளுங்க. கேட்டுட்டு அந்தச் சொல்ல மாத்தாம அப்படியே வைங்க, வெளக்கத்த அதே வசனத்துக்குள்ள சேத்துருங்க: "கைப்புள்ளய பிள்ளைக்காம்பராவுல ஆயாகிட்ட குடுத்துட்டு மலைக்குப் போனா." இப்படி எழுதினா அடிக்குறிப்பே தேவப்படாது.