மலையேற மறுக்கும் கம்பெனியிடம் புகார் செய்வது எப்படி?

உறைபனி விழும் மாதத்தில் கோத்தகிரியில் கீசர் நின்றுபோனால் என்ன பாடு என்பதைக் கீழே சமவெளியில் இருப்பவருக்குப் புரியவைப்பது கடினம். போன டிசம்பரில் எங்கள் வீட்டுக் கீசர் நின்றது. வாங்கி எட்டே மாதம், வாரண்டி இருந்தது. பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம். சேவை எண்ணில் பேசிய பெண், "மலைப்பகுதிக்கு ஆள் வர ஏழு நாளாகும் சார்" என்றார். மூன்றாம் நாளே குறுஞ்செய்தி வந்தது: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. புகார் முடிக்கப்பட்டது." அன்று முழுக்க நான் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தேன்.

இதுவரை எந்தக் கம்பெனி மீதும் புகார் கொடுத்துப் பழகாதவர்களுக்காக, அந்த மூன்று வாரத்தில் நான் கற்றதை வரிசையாக எழுதுகிறேன்.

1. போனைத் தொடுமுன் காகிதம்

பில், வாரண்டி அட்டை, பொருளின் வரிசை எண் மூன்றையும் எடுத்து வையுங்கள். கீசரில் வரிசை எண் ஒட்டிய தாள் பெரும்பாலும் சுவரைப் பார்த்த பக்கத்தில்தான் இருக்கும். கழுத்தை வளைக்க வேண்டாம். செல்போனை இடுக்கில் நுழைத்து ஒரு படம் எடுத்தால் போதும். வழவழப்பான தாளில் அச்சான பில் சீக்கிரம் வெளுத்துவிடும். என்னுடையதில் கடையின் பெயர் மட்டும் மிச்சம் இருந்தது. நல்லவேளையாகக் கடைக்காரர் மறுநகல் கொடுத்தார். வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

வாரண்டி அட்டையின் பொடி எழுத்தையும் ஒருமுறை படியுங்கள். நகர எல்லைக்கு வெளியே என்றால் பயணச் செலவு வாடிக்கையாளருடையது என்று சில கம்பெனிகள் ஒரு வரி போட்டிருக்கும். அது இல்லாத அட்டையை வைத்துக்கொண்டு "மலைக்குத் தனிக் கட்டணம்" கேட்டால், எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்கலாம்.

2. போனில் மூன்றே மூன்று

புகார் எண், பேசுபவரின் பெயர், ஆள் வரும் தேதி. இவற்றை வாங்காமல் போனை வைக்காதீர்கள். வேறு எதையும் அங்கே எதிர்பார்க்காதீர்கள். பேசுபவருக்குத் திரையில் தெரிவதற்கு மேல் எதுவும் தெரியாது. அவரைத் திட்டினால் உங்களுக்குத்தான் தொண்டை வலிக்கும். அஞ்சல் குறியீட்டெண்ணை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் 643217 என்று சொல்லும்வரை கோத்தகிரி தமிழ்நாட்டில்தான் இருக்கிறது என்பதையே அந்தப் பெண் நம்பவில்லை.

ஒன்று முக்கியம்: வேலை முடியுமுன் ஓடிபி எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள். பல கம்பெனிகளில் புகாரை மூடும் சாவி அதுதான்.

3. அன்று மாலையே எழுதிவிடுங்கள்

எல்லாவற்றிலும் பலன் தந்தது இதுதான். போனில் பேசியது அவர்கள் பக்கம் பதிவாகலாம். நம் கையில் ஒன்றும் தங்காது. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இணையத்தில் வாங்கிய பொருளானால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளம் இந்த அதிகாரியின் பெயரை வெளியிட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும்.

நான் எழுதியது இவ்வளவுதான்:

"டிசம்பர் 4 அன்று கீசர் பழுது குறித்துப் புகார் பதிந்தேன். 7-ஆம் தேதி, நான் வீட்டில் இல்லை என்று கூறிப் புகாரை மூடியுள்ளீர்கள். அன்று நான் வீட்டில் இருந்தேன். யாரும் வரவில்லை, எனக்கு அழைப்பும் வரவில்லை. அழைப்புப் பட்டியலின் படம் இணைப்பில் உள்ளது. 15 நாட்களுக்குள் பழுது நீக்கித் தரவும். இல்லையேல் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

கோபத்தை முதல் வரைவில் கொட்டிவிட்டுப் பிறகு அழித்துவிடுங்கள். எனக்கு அப்படி ஒன்றரைப் பக்கம் போனது.

4. 1915

பதில் இல்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். இது நீதிமன்றம் அல்ல, கம்பெனிக்கு உத்தரவு போடாது. உங்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்கும். வங்கி மீதான குறை என்றால் வழி வேறு: முதலில் வங்கியிடம் எழுத்தில் கொடுத்து 30 நாள் பார்த்துவிட்டு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டும்.

5. ஆணையம்

நுகர்வோர் ஆணையம் 1915 போல அல்ல, வழக்கை விசாரித்து உத்தரவு போடும். பலர் இங்கேதான் தயங்குகிறார்கள். கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில், நாம் தேயிலைக்காட்டில், வழக்குக்கு எங்கே அலைவது என்ற பயம். 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். நமக்கு அது உதகமண்டலம். மலைக்கு ஆள் அனுப்ப மறுத்த கம்பெனி, வழக்கு என்றால் மலையேறி வந்து பதில் சொல்ல வேண்டும்.

பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும். பழுது நீக்கம் அல்லது மாற்றுப் பொருள், செலவுத் தொகை, நியாயமான இழப்பீடு என்று கேளுங்கள். ஒன்பதாயிரம் ரூபாய்க் கீசருக்குப் பத்து லட்சம் கேட்டால் மனுவின் மதிப்புத்தான் குறையும்.

நான் அதுவரை போகவில்லை. 1915-இல் பதிந்த நான்காம் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு இளைஞர் பைக்கில் வந்தார். குளிரில் விரல் விறைத்துப்போய் முதலில் காபி கேட்டார். வெப்பக் கம்பி எரிந்திருந்தது. மாற்ற இருபது நிமிடம் ஆனது. "ஓடிபி சொல்லுங்கள் சார்" என்றார்.

"இருங்கள் தம்பி" என்று குழாயைத் திறந்து அடியில் கையை நீட்டினேன். சூடு வந்த பிறகு ஆறு எண்களையும் சொன்னேன்.