மிதவைத் தொட்டியில் முதல் தடவை இறங்குவதற்கு முன்

லண்டன், ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் மட்டக்களப்பு ஆட்களில் சிலரை மிதவைத் தொட்டிக்கும் கூட்டிப் போகிறார்கள். இருட்டில், சத்தமில்லாமல், உப்புத் தண்ணீரில் மல்லாந்து மிதந்து ஓய்வெடுக்கும் மூடிய தொட்டி அது. பாசிக்குடாவில் மிதந்தவர்களுக்கு இதில் என்ன பயம் என்று நினைக்காதீர்கள். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. தொட்டியிலோ 25, 30 சென்றிமீற்றர் ஆழத் தண்ணீரில் நூற்றுக்கணக்கான கிலோ எப்சம் உப்பு கரைந்திருக்கும். அது சமையல் உப்பில்லை, மக்னீசியம் சல்பேற்று.

1. வருத்தங்களை மறைக்காமல் சொல்லுங்கள்

இதுதான் முக்கியம். கிட்னி வருத்தம் இருந்தால் மக்னீசியம் உடம்பில் தேங்கலாம். உங்கள் டொக்டரைக் கேட்காமல் இறங்கவே வேண்டாம். வலிப்பு, லோ பிரஷர், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அப்படித்தான். காதுச் சவ்வில் ஓட்டை, ஆறாத புண், வயிற்றோட்டம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். சீனி வருத்தக்காரர் கால் விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். மரத்துப்போன காலில் புண் இருப்பது தெரியாது. குடித்துவிட்டோ தூக்க மாத்திரை போட்டுவிட்டோ இறங்கக் கூடாது.

2. தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

ஒவ்வொருவருக்குப் பிறகும் வடிகட்டுகிறார்களா, கிருமி நீக்குவது எப்படி என்று கேட்பதில் வெட்கமில்லை. இந்த உப்பு எல்லாக் கிருமியையும் கொல்லாது. "உப்புத் தண்ணிதானே" என்று பதில் வந்தால், நானென்றால் திரும்பி வந்துவிடுவேன்.

3. அன்றைக்குச் சவரம் வேண்டாம்

சவரம் செய்த தோல் பயங்கரமாக எரியும். புதிதாகத் தலைக்குச் சாயம் பூசியிருந்தாலும் போகாதீர்கள். கொன்டாக்ட் லென்ஸ், நகைகளைக் கழற்றி, காதடைப்பான் வைத்து, சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள்.

4. பிடித்துக்கொண்டு இறங்குங்கள்

தரை நன்றாக வழுக்கும். முதலில் உட்கார்ந்து, பிறகு மெல்ல மல்லாந்து சாயுங்கள். கதவு உள்ளிருந்து தள்ளத் திறக்கிறதா என்று பாருங்கள். முதல் தடவை கதவைக் கொஞ்சம் திறந்து, வெளிச்சத்தோடேயே இருக்கலாம்.

கையை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நெற்றி அரிக்கும், கை தானாக எழும், விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு கண்ணுக்குள் வழியும். அப்புறம் மிதப்பது எங்கே! எட்டும் தூரத்தில் சிறு துவாயும் நல்ல தண்ணீர்ப் போத்தலும் வைத்திருங்கள். பட்டுவிட்டால் கசக்காமல் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மூச்சுமுட்டுவதுபோல் இருந்தாலோ குமட்டினாலோ நேரம் முடியும்வரை பொறுக்க வேண்டாம், வெளியே வாருங்கள்.

5. எழும்போது அவசரம் வேண்டாம்

சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கொஞ்சம் உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு எழும்பிக் குளியுங்கள். தூக்கக் கலக்கம் தீரும்வரை வாகனம் ஓட்டாதீர்கள். வாய்க்குள் தண்ணீர் போயிருந்தால் துப்பிவிடுங்கள். விழுங்கினால் வயிற்றோட்டம் வரலாம். நிறைய விழுங்கி வாந்தி, கைகால் தளர்ச்சி கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.