சமோவா வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு

மதுரைப் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவருக்கு, பசிபிக் தீவு நாடான சமோவாவின் வீட்டில் பாதி விஷயம் பழகியதுதான். செருப்பை வெளியே விட வேண்டும், பாயில் சம்மணமிட வேண்டும், பெரியவர் பக்கம் காலை நீட்டக் கூடாது. இடறுவதெல்லாம் மீதிப் பாதியில்தான்.

முதலில் சாப்பாடு. விருந்தாளிக்கே முதலில் பரிமாறுவார்கள், அதுவும் மலைபோல. நம் பந்தியில் இலையைக் காலி செய்வது மரியாதை. அங்கே நீங்கள் எழுந்த பிறகுதான் வீட்டாரும் பிள்ளைகளும் உட்காருவார்கள், மிஞ்சுவது அவர்களுக்கு. அதனால் ஒரு ஓரத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டு, கை படாத பங்கை அப்படியே விடுங்கள். போதுமென்றால் 'மாஓனா, ஃபஅஃபெத்தாய்': வயிறு நிறைந்தது, நன்றி.

சைவக்காரர்கள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சேப்பங்கிழங்கு, ஈரப்பலா, வாழைக்காய் தாராளமாகக் கிடைக்கும். சேம்பு இலையில் தேங்காய்ப்பால், வெங்காயம் வைத்து மடித்துச் சுடும் பலுசாமி அருமை. டின் மாட்டிறைச்சி சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். இலை சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும். உதவப் போனால் சீக்கிரம் பிரிக்க அவசரப்படாதீர்கள்.

சாயங்காலம் ஆறு, ஏழு மணிவாக்கில் சங்கோ மணியோ கேட்டால் அது 'சா', பிரார்த்தனை நேரம். பத்திருபது நிமிடம் ஊரே அடங்கும். வீட்டில் இருந்தால் உட்கார்ந்து தலைகுனிந்திருங்கள், சாமி எதுவானாலும். தெருவில் மாட்டிக்கொண்டால் நடக்காமல் நின்றுவிடுங்கள். ஞாயிறு காலை சர்ச், பிறகு சூடான கற்களில் வெந்த 'உமு' விருந்து. அன்று கடலில் குளிக்க இறங்காதீர்கள்.

சுவரில்லாத, தூண்கள் மட்டும் நிற்கும் வீடு 'ஃபாலே'. உள்ளே நின்றபடி பேசாதீர்கள். தூணை ஒட்டிய இடம் 'மத்தாய்' எனும் குடும்பத் தலைவர்களுக்கு. காட்டிய இடத்தில் உட்காருங்கள். உட்கார்ந்திருப்பவர் முன்னால் போக நேர்ந்தால் குனிந்து 'துலோ' என்று சொல்லிக் கடக்க வேண்டும். குளியல் திறந்தவெளியில் என்றால் லவலவா எனும் மூட்டாத கைலியைக் கட்டியபடியே, நம் கிணற்றடி போல.

கொண்டுபோக மதுரைச் சுங்குடியைவிட நல்ல பரிசு இல்லை: ஐந்தரை மீட்டர்ச் சேலையில் இரண்டு லவலவா தேறும். சாயம் போகும், கல்லுப்புத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து அலசிக் கொடுங்கள். வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள், பிள்ளைகளிடம் தனித்தனியாக வேண்டாம். அவர்கள் பொருளை 'அழகா இருக்கே' என்று வாய்விட்டுப் புகழ்ந்தால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் மறுப்பது சங்கடம்.

பேச்சில் ஒரு சலுகை நமக்கு. அவர்கள் எழுத்தில் 'ஜி' (g) வருமிடத்தில் ஒலி நம் 'ங'தான்: குடும்பம் 'ஐஙா', மொழி 'ஙஙனா'. வெள்ளைக்காரர் தடுமாறும் இடம் இது.

சார்ஜருக்கு ஆஸ்திரேலிய பிளக் அடாப்டர் வேண்டும். நேரம் நம்மைவிட ஏழரை மணி முன்னால். 'சா' முடிந்து இரவு எட்டுக்குக் கூப்பிட்டால் மதுரையில் மதியம் பன்னிரண்டரை.