விடியற்காலைப் பனிமலையை வரைய: வெள்ளையைத் தொடாதீர்கள்

டார்ஜிலிங்கின் டைகர் ஹில்லிலிருந்து தெரியும் கஞ்சன்ஜங்காவை (8,586 மீட்டர்) நீர்வண்ணத்தில் வரைய விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பனி என்றதும் கை தானாக வெள்ளை வண்ணத்தைத் தேடும். வேண்டாம். தாளின் வெண்மைதான் உங்கள் பனி. அதுவும், விடியலில் முழு வெள்ளை அநேகமாக எங்குமே இருக்காது.

சூரிய ஒளி முதலில் சிகரத்தின் உச்சியைத்தான் தொடும். பிறகுதான் மெல்லக் கீழிறங்கும். ஆகவே உச்சியில் இளஞ்சிவப்போடு துளி மஞ்சள் கலந்து, மிக நீர்க்கப் பூசுங்கள். கீழே வர வர வெறும் தண்ணீரால் இழுத்து, ஒன்றுமில்லாமல் கரைய விடுங்கள். நன்றாகக் காயட்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் நீலத்தைப் போட்டால் மஞ்சளோடு சேர்ந்து பச்சை தட்டிவிடும். பனியின் அழகே போய்விடும்.

காய்ந்த பின் அல்ட்ராமரின் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு வண்ணம்) சேர்த்து நிழல்களை இடுங்கள். ஒளி படாத பனி வானத்தின் நீலத்தை வாங்கிக்கொள்கிறது. நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் பனி அழுக்காகத் தெரியும். நிழலின் ஒரு விளிம்பைக் கூர்மையாக விட்டு, மறு விளிம்பை ஈரத் தூரிகையால் தேய்த்து மென்மையாக்குங்கள். மலைச்சரிவு அங்கேதான் உருவம் பெறுகிறது. எனக்கு ஓவியம் முழுவதிலும் மிகப் பிடித்த கணம் அதுதான்.

பாறைகளுக்கு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையைப் படுக்கவைத்து இழுத்தால் போதும். முன்னால் உள்ள மரக்குன்றுகளை அடர்த்தியாக, விவரமின்றி இருட்டாக்குங்கள். சிகரம் உடனே ஒளிரத் தொடங்கும்.

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த பருத்தித் தாள் இத்தனை ஈரத்தையும் தாங்கும்.